சிறுபடகுப் பயணமும் நனையாத மூட்டையும்

கயாக் என்பது மேல்தளம் மூடப்பட்ட, இருமுனைத் துடுப்பால் செலுத்தப்படும் ஒடுக்கமான சிறுபடகு ஆகும். இதில் பல நாட்கள் பயணம் செய்து இரவில் கரையில் கூடாரமிட்டுத் தங்குவோர், உணவு, மாற்றுடை, உறக்கப்பை, அடுப்பு, மருந்து என எல்லாவற்றையும் படகின் வயிற்றுக்குள்ளேயே அடைத்துச் செல்ல வேண்டும். அமர்ந்திருப்பவரின் இடுப்பு ஏறக்குறைய நீர்மட்டத்திலேயே இருக்கும். எனவே படகுக்குள் தண்ணீர் வருவது விபத்து அன்று, அன்றாட நிகழ்ச்சி. குளிர்நாடுகளில் இது உயிர்ப் பிரச்சினையும் ஆகும். நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக உடல் வெப்பத்தைக் கடத்திவிடும். இறகு அடைத்த உறக்கப்பை நனைந்தால் கட்டியாகிப் பயனற்றுப் போகும்.

இந்தப் பிரச்சினைக்குத் தீர்வு தேடிய வரலாற்றில் ஒன்றைக் கவனிக்கலாம். தண்ணீர் புகாத பொருளை மனிதர்கள் மிக முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள். அந்தப் பொருளால் செய்த பையின் வாயை எப்படி மூடுவது என்பதுதான் நெடுங்காலம் தொல்லை தந்தது.

தோலும் குடலும்

கயாக் ஆர்க்டிக் பகுதி மக்களின் படைப்பு. கிரீன்லாந்து, கனடா, அலாஸ்கா ஆகிய பகுதிகளின் இன்யூட் மற்றும் யூப்பிக் மக்களும், அலூசியன் தீவுகளின் உனாங்கன் மக்களும் மரம் அல்லது எலும்புச் சட்டத்தின்மேல் கடல்நாய், கடற்சிங்கம் ஆகியவற்றின் தோலைப் போர்த்திப் படகு கட்டினர். தோலைத் தைப்பது பெண்களின் வேலை. ஊசி தோலின் மறுபக்கம் வரை ஊடுருவாமல், பாதித் தடிமனிலேயே நுழைந்து வெளிவருமாறு தைத்தனர். நூலாக விலங்கின் தசைநாரைப் பயன்படுத்தினர். அது நனைந்தால் உப்பி, ஊசித் துளையைத் தானே அடைத்துக்கொள்ளும். இன்றைய தையல் இயந்திரம் இதைச் செய்யாது. அதனால்தான் இன்றைய நீர்ப்புகா உடைகளில் தையலின் மேல் தனியே நாடா ஒட்டுகிறார்கள்.

கடல் விலங்குகளின் குடலைச் சுத்தம் செய்து, காற்று ஊதி உலர்த்தி, நீளவாக்கில் கிழித்துப் பட்டைகளாகச் சேர்த்துத் தைத்த மேலங்கி எடையற்றது, நீர் புகாதது. அதன் அடி விளிம்பைப் படகின் இருக்கைத் துளையைச் சுற்றி இறுக்கிக் கட்டினால் மனிதனே படகுக்கு மூடியாகிவிடுவான். உணவுக்கும் இதே அறிவு பயன்பட்டது. உனாங்கன் மக்கள் உலர்ந்த சால்மன் மீனைக் கடற்சிங்கத்தின் இரைப்பையில் அடைத்து வைத்தனர். அலாஸ்காவின் பிற பகுதிகளில் கடல்நாயின் முழுத்தோலையே கிழிக்காமல் உரித்துப் பையாக்கி எண்ணெயும் பழங்களும் சேமித்தனர். வேட்டையில் மிதவையாகப் பயன்பட்ட தோற்பைகளின் வாயில் மரத்தாலோ தந்தத்தாலோ செய்த அடைப்பான் இருக்கும். அதைச் சுற்றிலும் ஒரு வரிப்பள்ளம். தோலை அதன்மேல் இழுத்து அந்தப் பள்ளத்தில் கயிற்றைச் சுற்றி இறுக்கிவிடுவார்கள். பையின் வாய்க்கு இதைவிடச் சிறந்த மூடியை ஐரோப்பியரும் அமெரிக்கரும் அடுத்த சில நூற்றாண்டுகளுக்கு உருவாக்கவில்லை என்றே சொல்லலாம்.

ஈயக் குப்பிகள்

1804 முதல் 1806 வரை மிசூரி ஆற்றின் வழியாகப் பசிபிக் கரைக்குச் சென்றுதிரும்பிய லூயிஸ், கிளார்க் குழுவினர் கயாக்கில் செல்லவில்லை. பெரிய படகுகளிலும் மரம் குடைந்த ஓடங்களிலும் சென்றனர். ஆனால் அவர்கள் வெடிமருந்தைக் காத்த முறை இங்கே சொல்லத்தக்கது. மெரிவெதர் லூயிஸ் 52 ஈயக் குப்பிகளைச் செய்வித்து வெடிமருந்தை அவற்றில் அடைத்தார். ஒவ்வொரு குப்பியிலும் இருக்கும் மருந்தைச் சுடுவதற்குத் தேவையான குண்டுகளை, காலியான அந்தக் குப்பியை உருக்கியே வார்த்துக்கொள்ளலாம். பொதியே பண்டமாக அமைந்த இந்த ஏற்பாட்டில் வீண் எடை என்று எதுவும் இல்லை. 1806 பிப்ரவரியில், மீதமிருந்த குப்பிகளைத் திறந்து சோதித்தபோது 35 குப்பிகளின் மருந்து முற்றிலும் உலர்ந்திருந்தது. அவை வெவ்வேறு விபத்துகளில் மணிக்கணக்கில் நீரில் கிடந்தவை.

மற்றப் பொருட்களுக்கு அத்தகைய பாதுகாப்பு இல்லை. 1805 மே 14 அன்று திடீர்க் காற்றில் ஒரு படகு சாய்ந்து நீர் நிறைந்தது. குறிப்பேடுகள், கருவிகள், மருந்துகள் என முக்கியமான பொருட்கள் அந்தப் படகிலேயே இருந்தன. தலைவர்கள் இருவரும் அப்போது கரையில் இருந்தனர். படகில் கைக்குழந்தையுடன் இருந்த ஷோஷோனி இனப் பெண் சக்கஜவேயா பதறாமல், மிதந்து சென்ற பொருட்களை எட்டிப் பிடித்துச் சேர்த்தார். பயணத்தின் பதிவுகள் தப்பியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. மருந்துகளில் ஒரு பகுதி கெட்டுப்போனது.

1869: கொலராடோ ஆறு

பொருள் நனைவதால் ஒரு பயணம் எவ்வாறு சிதையும் என்பதற்கு ஜான் வெஸ்லி பவலின் முதல் கொலராடோ ஆற்றுப் பயணத்தைப் போன்ற எடுத்துக்காட்டு அரிது. உள்நாட்டுப் போரில் வலக்கையை இழந்த பவல், 1869 மே 24 அன்று ஒன்பது பேருடன் நான்கு படகுகளில் கிரீன் ஆற்றில் இறங்கினார். கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கைக் கடந்து செல்வது அவர் நோக்கம். பத்து மாதத்துக்குப் போதும் எனக் கருதிய உணவு அவர்களிடம் இருந்தது. படகுகளின் முன்னும் பின்னும் மூடிய அறைகள் அமைக்கப்பட்டிருந்தன. பவல் முன்யோசனை உள்ளவர். ஒரு படகு போனாலும் பட்டினி வராதபடி உணவை மூன்று பெரிய படகுகளுக்கும் பங்கிட்டிருந்தார். ஆனால் உயரம் அளக்கும் மூன்று காற்றழுத்தமானிகளும் எப்படியோ ஒரே படகில் சேர்ந்துவிட்டன.

ஜூன் மாதம் லோடோர் பள்ளத்தாக்கில் 'நோ நேம்' என்ற படகு பாறையில் மோதி உடைந்தது. மானிகள் இருந்தது அந்தப் படகில்தான். உணவில் மூன்றில் ஒரு பங்கும், அதில் இருந்த மூவரின் உடைமைகளும் போயின. மறுநாள் சிதைந்த படகின் ஒரு பகுதியை எட்டியபோது மானிகள் கிடைத்தன. தலைவருக்குத் தெரியாமல் ஏற்றியிருந்த ஒரு விஸ்கிப் பீப்பாயும் கிடைத்தது. அதை ஏன் மறைத்தீர்கள் என்று பவல் அதிகம் கடிந்துகொண்டதாகத் தெரியவில்லை.

எஞ்சிய உணவை மெல்ல மெல்ல அழித்தது ஈரம். மூடிய அறைகள் பேருக்கு மூடியிருந்தன. ஒவ்வொரு நீர்ப்பாய்ச்சலிலும் உள்ளே தண்ணீர் கசிந்தது. மாவு பூஞ்சை பிடித்துக் கட்டியானது. அதைக் கொசுவலையில் சலித்துச் சலித்து உண்டனர். பன்றியிறைச்சி கெட்டது. சர்க்கரை கரைந்து ஆற்றோடு போயிற்று. உலர்ந்த ஆப்பிள் ஊறிப் பெருத்து, வெயிலில் காயவைத்தபின் பழைய அளவுக்குச் சுருங்கியது. பிரைட் ஏஞ்சல் ஓடையருகே, ரொட்டிக்கான சோடாவைப் பாறை மேல் வைத்திருந்தபோது படகுக் கயிறு இடறி அதுவும் ஆற்றில் விழுந்தது. ஆகஸ்ட் இறுதியில் மிஞ்சியவை சிறிது மக்கிய மாவு, சிறிது ஆப்பிள், காப்பிக்கொட்டை மட்டுமே. காப்பி மட்டும் போதிய அளவு இருந்தது.

ஆகஸ்ட் 28 அன்று முன்னால் தெரிந்த கடும் நீர்ப்பாய்ச்சலைக் கண்டு மூவர் ஆற்றைவிட்டுப் பள்ளத்தாக்கின் மேலேறிச் சென்றனர். அவர்கள் கொல்லப்பட்டனர். அதற்கு நீர்ப்பாய்ச்சலின் அச்சத்தையே பலரும் காரணமாகச் சொல்கின்றனர். ஆனால் பத்து மாத உணவு மூன்று மாதத்தில் தீர்ந்துபோன நிலையில்தான் அந்த முடிவு எடுக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். எஞ்சிய ஆறு பேர் மறுநாளே பள்ளத்தாக்கைக் கடந்து வெளியேறினர். 1871இல் இரண்டாம் பயணம் புறப்பட்டபோது பவல் படகின் நடுவிலும் மூடிய அறை அமைத்தார். உணவை ரப்பர் பைகளில் அடைத்தார்.

ரப்பரின் வரவு

சார்லஸ் மெக்கிண்டாஷ் 1823இல் இரு துணிகளுக்கு நடுவே கரைத்த ரப்பரைத் தடவி நீர்ப்புகாத் துணி செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அது வெயிலில் பிசுபிசுத்தது, குளிரில் விறைத்தது. ரப்பரைக் கந்தகத்துடன் சூடாக்கும் முறையை சார்லஸ் குட்இயர் 1839இல் கண்டு, 1844இல் காப்புரிமை பெற்றபின் இக்குறை நீங்கியது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் உலகின் ரப்பரில் பெரும் பங்கு மலாயாவிலிருந்து வந்தது. அங்கே மரம் சீவிப் பால் எடுத்தவர்களில் மிகப் பலர் தமிழ்த் தொழிலாளர்கள்.

கயாக் போன்ற படகில் உல்லாசப் பயணம் செய்யும் பழக்கத்தை ஐரோப்பாவில் பரப்பியவர் ஜான் மெக்கிரிகோர். 1865இல் 'ராப் ராய்' என்ற தன் சிறுபடகில் ஐரோப்பிய ஆறுகளில் சென்றார். மூன்று மாதப் பயணத்துக்கு அவர் கொண்டுசென்றது ஓர் அடிச் சதுரமும் அரை அடி ஆழமும் கொண்ட ஒரே பை. பெரும்பாலும் விடுதிகளில் தங்கியதால் அது போதுமானதாக இருந்தது. கூடாரத்தோடு செல்பவருக்கு அந்தக் கணக்கு உதவாது.

ரப்பர் பூசிய கித்தான் உறை போர்த்திய மடக்குப் படகுகளை ஜெர்மனியின் ரோசன்ஹைம் நகரில் யோகான் கிளெப்பர் 1907 முதல் தயாரித்தார். இவ்வகைப் படகில் ஒஸ்கார் ஸ்பெக் 1932இல் ஜெர்மனியின் உல்ம் நகரிலிருந்து புறப்பட்டு, இந்தியக் கரை, இலங்கை, பர்மா வழியாக 1939இல் ஆஸ்திரேலியாவின் டோரஸ் நீரிணையை அடைந்தார். ஏழாண்டுகள் உப்புநீரில் பயணம் செய்தும் அவர் எடுத்த படங்கள் தப்பின. அவை இன்று ஆஸ்திரேலியத் தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் உள்ளன. கரையேறியபோது போர் தொடங்கிவிட்டதால் பகைநாட்டவர் என்று சிறைவைக்கப்பட்டார்.

போருக்குப் பின்

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்க ராணுவத்தின் மிகுதிப் பொருட்கள் மலிவாகக் கடைக்கு வந்தன. ரப்பர் பைகளும், மூடியின் உட்புறம் ரப்பர் வளையம் வைத்த இரும்புத் தோட்டாப் பெட்டிகளும் ஆற்றுப் பயணிகளிடம் பரவின. நெம்புகோல் பூட்டை அழுத்தினால் வளையம் நசுங்கி மூடிக்கொள்ளும். கேமரா வைக்க இது மிக ஏற்றது. கிராண்ட் கேன்யனில் மனிதக் கழிவையும் வெளியே எடுத்து வந்தாக வேண்டும் என்பதால், பெரிய தோட்டாப் பெட்டியே கழிப்பறையும் ஆனது. அமர்ந்து எழுந்தால் தொடையில் வரி விழும். அதனாலேயே ஆற்றுக்காரர்கள் அதற்கு 'வரிபோடும் பெட்டி' என்ற பொருள்படும் பெயரைச் சூட்டினர்.

கடல் கயாக்கில் அடுத்த மாற்றம் 1970களில் வந்தது. 1975இல் நோர்வேயின் வடமுனைப் பயணத்துக்காக உருவான 'நோர்ட்காப்' போன்ற கண்ணாடியிழைப் படகுகளோடு, உள்ளே குறுக்குத் தடுப்புச் சுவரும் மேலே ரப்பர் மூடியும் கொண்ட சரக்கறைகள் வழக்கமாயின. நோர்ட்காப்பை வடிவமைத்தவர் பிரிட்டனைச் சேர்ந்த பிராங்க் குட்மேன். 1869இல் 'நோ நேம்' உடைந்தபோது உடைமைகளை எல்லாம் இழந்து, அடுத்த மாதமே பவலின் குழுவைவிட்டு விலகியவர் பெயரும் பிராங்க் குட்மேன்தான். இருவரும் வெவ்வேறு மனிதர்கள். பெயர்ப் பொருத்தம் மட்டுமே.

ஆனாலும் சரக்கறையை மட்டும் நம்பக் கூடாது. வெயிலில் மணற்கரையில் கிடந்த படகின் அறைக் காற்று சூடாகி விரியும். குளிர்ந்த நீரில் தள்ளியதும் சுருங்கும். அப்போது உண்டாகும் உறிஞ்சல் மூடியின் விளிம்பு வழியே தண்ணீரை உள்ளிழுக்கும். இதற்காகவே சிலர் தடுப்புச் சுவரில் ஊசித்துளை ஒன்று விடுகிறார்கள்.

எனவே படகைக் காப்பதைவிட ஒவ்வொரு மூட்டையையும் தனித்தனியே காப்பதே இன்றைய முறை. வாயைச் சுருட்டி மூடும் நீர்ப்புகாப் பைகளில் தையல் கிடையாது; நெகிழி பூசிய துணியின் விளிம்புகளை உருக்கி ஒட்டியிருப்பார்கள். வாயின் இரு ஓரங்களையும் சேர்த்து, காற்றை வெளியேற்றி, குறைந்தது மூன்று முறை இறுகச் சுருட்டி, இரு முனைகளையும் வளைத்துக் கொக்கியில் பூட்ட வேண்டும். தண்ணீர் அத்தனை மடிப்புகளையும் சுற்றி வந்தால்தான் உள்ளே நுழைய முடியும். பையை முட்ட நிரப்பினால் சுருட்ட இடமிராது. பெரும்பாலான பைகள் ஒழுகுவது இதனால்தான். ஒரு பெரிய பையைவிடப் பல சிறிய பைகள் நல்லவை. படகின் குறுகிய முனைகளில் அவை நுழையும். ஒன்று கிழிந்தாலும் மற்றவை தப்பும். தண்ணீரும் டின் உணவும் இருக்கைக்கு அருகே அடித்தளத்தில் வைக்கப்படும். உறக்கப்பைக்கும் இரவு உடைக்கும் இரட்டைப் பை. காலையில் பனியில் நனைந்த கூடாரத்தை மட்டும் இவற்றோடு சேர்க்கக் கூடாது. தண்ணீரை உள்ளே விடாத பை தண்ணீரை வெளியேயும் விடாது. மாலைக்குள் எல்லாத் துணியும் ஈரமாகிவிடும்.