சிலிக்கான் வாயுவாக இருந்திருந்தால்: ராணுவ அகாடமியில் டபுள் மேஜர்

இன்னைக்கு எபிசோடை ஒரு வைவாவுல இருந்து ஆரம்பிக்கலாம்.

1854. அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட் ராணுவ அகாடமி. கெமிஸ்ட்ரி தேர்வில் ஒரு மாணவர், சிலிக்கான் ஒரு வாயுன்னு சொல்லிட்டாராம். ஃபெயில். ஏற்கெனவே ஒழுங்கு மீறல் புள்ளிகள் வேற 200-ஐத் தாண்டியிருந்தது. வெளியே அனுப்பிட்டாங்க. சிலிக்கான் மட்டும் வாயுவா இருந்திருந்தா நான் மேஜர் ஜெனரல் ஆகியிருப்பேன்னு பின்னாடி அவரே கிண்டலா சொல்வாராம். அவர்தான் ஜேம்ஸ் விஸ்லர். தன் அம்மாவைப் பக்கவாட்டில் உட்காரவைத்து வரைந்த ஓவியத்தால் உலகப் புகழ் பெற்றவர். (அந்த சிலிக்கான்தான் இன்னைக்கு எனக்குச் சோறு போடுது. அது தனிக்கதை.)

ஓவிய வகுப்பில் விஸ்லர்தான் முதலிடம். ராணுவத்துல எதுக்கு ஓவியம்? நிலத்தைக் கண்ணால் பார்த்து வரைபடம் போட அதிகாரிக்குத் தெரிய வேண்டிய காலம் அது. ஆனா ஓவியத்தை மெயினா எடுத்துக்கிட்டு கெமிஸ்ட்ரியைக் குறைச்சுக்கலாம்ங்கிற ஆப்ஷன் கிடையாது. எல்லாருக்கும் ஒரே சிலபஸ்.

இந்த முறையை உருவாக்கியவர் சில்வேனஸ் தேயர். அகாடமி தொடங்கியது 1802-ல். 1817 முதல் 1833 வரை தேயர் அதை நடத்தினார். பிரான்சின் எகோல் பாலிடெக்னிக்கைப் பார்த்துவிட்டு வந்தவர். சின்னச் சின்ன வகுப்புகள், கரும்பலகை முன்னாடி நின்று பதில் சொல்வது, தினமும் மார்க், கடைசியில் ஒரே ரேங்க் பட்டியல். இதுல ஒரு நியாயமும் இருக்கு. எங்க பாஷையில சொன்னா, எல்லா சர்வர்லயும் ஒரே இமேஜ். ஒண்ணு விழுந்தா இன்னொண்ணு அதே வேலையை எடுத்துக்கும். போர்க்களத்தில் அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

பலனும் கிடைச்சது. விஸ்லரின் அப்பா ஜார்ஜ் வாஷிங்டன் விஸ்லர் 1819-ல் இதே வெஸ்ட் பாயிண்டில் படித்து முடித்தவர். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் – மாஸ்கோ ரயில் பாதைக்கு ஆலோசகராக ரஷ்யாவே அவரைக் கூப்பிட்டது. அப்பாவை உருவாக்கிய அதே சிலபஸ்தான் மகனை வெளியே தள்ளியது.

மகன் வெளியேறிய அதே 1854-ல் அகாடமி படிப்பை 5 வருஷமாக நீட்டினார்கள். ஸ்பானிஷ் மாதிரியான பாடங்களுக்கும் இடம் வேணுமே. கவனிங்க, தேர்ந்தெடுக்கிற உரிமையைக் கொடுக்கல, பாடத்தைத்தான் கூட்டினாங்க. 1861-ல் உள்நாட்டுப் போர் வந்தது, அந்த 5 வருஷத் திட்டமும் போச்சு.

உண்மையான மாற்றம் கடைக்குட்டியிடம் இருந்து வந்தது. விமானப்படை அகாடமியின் முதல் பேட்ச் 1959-ல்தான் வெளியே வந்தது. அங்கே டீனாக இருந்த ராபர்ட் மெக்டெர்மாட் ஒரு எளிய கேள்வி கேட்டார்: ஏற்கெனவே தெரிஞ்ச பாடத்தை ஒரு மாணவர் ஏன் மறுபடி படிக்கணும்? தெரியும்னு நிரூபிச்சா, அந்த நேரத்தில் வேற பாடம் எடுக்கலாம். அந்த இடைவெளியில்தான் ‘மேஜர்’ முளைத்தது. கடற்படை அகாடமிக்கு அது 1969-ல் வந்தது. வெஸ்ட் பாயிண்ட் 1980-கள் வரை இழுத்தது.

இன்னைக்கு டபுள் மேஜர் செய்யறவங்களும் ஏறக்குறைய மெக்டெர்மாட் வழியில்தான் போறாங்க. கணிதம், அறிவியல், வரலாறுன்னு எல்லாருக்கும் பொதுவான பாடங்கள் அப்படியே இருக்கு. கூடவே ராணுவப் பயிற்சி, விளையாட்டு. ஐந்தாவது வருஷம்னு பேச்சே இல்லை. வெஸ்ட் பாயிண்டில் கணக்கு 47 மாதம். அதனால சில பாடங்களைத் தேர்வு எழுதித் தாண்டணும், இல்லைன்னா செமஸ்டருக்கு ஒண்ணு கூடுதலா சுமக்கணும். கணிதம், இயற்பியல் மாதிரி ஒண்ணோட ஒண்ணு ஒட்டுற ஜோடி கொஞ்சம் சுலபம்.

கடைசியில் என்ன கிடைக்கும்? ஆங்கில இலக்கியம் படித்தவருக்கும் இங்கே பி.எஸ்சி. மாதிரியான அறிவியல் பட்டம்தான். ரெண்டு மேஜர் முடிச்சாலும் ராணுவத்தில் எல்லாரையும் போல செகண்ட் லெப்டினன்ட்தான். கூடுதல் சுமையால் மார்க் சரிந்தால் ரேங்க் சரியும்; ரேங்க் சரிந்தால் விரும்பிய பிரிவு கைநழுவலாம். இரண்டாவது மேஜரின் நிஜ விலை அதுதான்.

முன்னெல்லாம் டபுள் மேஜர்னா ரெஸ்யூமேல ஒரு வரின்னு நினைப்பேன். இந்தக் கதைக்கு அப்புறம் வேற மாதிரி தோணுது. எல்லாரும் ஒரே மாதிரி இருக்கணும்னு கட்டப்பட்ட இடத்தில், கடமையை முழுசா முடிச்சுட்டு, மிச்ச நேரத்துல எனக்குன்னு ஒண்ணு வேணும்னு ஒருத்தர் கேட்கிறார். அந்த மிச்ச நேரம் விஸ்லருக்குக் கிடைச்சிருந்தா அவர் ஜெனரல் ஆகியிருப்பாரா? சந்தேகம்தான். ஆனா கேட்கவாவது ஒரு ஜன்னல் இருந்திருக்கும்.

உங்க காலேஜ்ல அப்படி ஒரு ஜன்னல் இருந்துச்சா? எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.