ஏதென்ஸ்ல ஒரு வாடகை வீடு

வாடகை ரொம்பக் கம்மின்னா எதையோ மறைக்கிறாங்கன்னு அர்த்தம். பெங்களூர்ல வீடு தேடி அலைஞ்சப்போ நான் கத்துக்கிட்ட பாடம் இது. ஆனா இது ஆயிரத்துத் தொள்ளாயிரம் வருஷத்துக்கும் மேல பழைய பாடமுங்க :-)

வெசுவியஸ் எரிமலை கி.பி. 79-ல வெடிச்சதை நேர்ல பார்த்து எழுதினாரே இளைய பிளினி, அந்த ரோமானியர் தன் நண்பர் சூராவுக்கு எழுதின ஒரு கடிதத்துல பேய் உண்டா இல்லையான்னு கேட்கறார். கூடவே ஒரு கதையும் சொல்றார்.

ஏதென்ஸ்ல ஒரு பெரிய வீடு. ராத்திரியானா சங்கிலிச் சத்தம் தூரத்துல ஆரம்பிச்சு கிட்ட வரும். அப்புறம் எலும்பும் தோலுமா, நீளத் தாடியோட, கைகால்ல விலங்கு மாட்டின ஒரு கிழவர் தெரிவார். அவர் யாரையும் தொட்டதா கதையில இல்லை. பயத்துல தூக்கம் கெட்டு, நோயில விழுந்துதான் குடியிருந்தவங்க செத்தாங்களாம். வீடு காலியாச்சு.

அந்த ஊருக்கு வந்த தத்துவஞானி அதெனொடோரஸ் வாடகையைக் கேட்டதும் சந்தேகப்பட்டார். விசாரிச்சு எல்லாத்தையும் தெரிஞ்சுக்கிட்டு, அப்புறமும் குடிவந்தார். ராத்திரி விளக்கை வெச்சுக்கிட்டு எழுத உட்கார்ந்தார். மனசு சும்மா இருந்தா இல்லாததையெல்லாம் கற்பனை பண்ணுமே, அதுக்காக.

கிழவர் வந்து விரலை ஆட்டிக் கூப்பிட்டார். நம்மாளு, கொஞ்சம் பொறுங்கன்னு கையைக் காட்டிட்டு எழுதிக்கிட்டே இருந்தார்! கிழவர் அவர் தலைக்கு மேல சங்கிலியைக் குலுக்கினார். மறுபடி கூப்பிடவும், விளக்கை எடுத்துக்கிட்டுப் பின்னாலயே போனார். முற்றத்துல ஓரிடத்துல உருவம் மறைஞ்சுபோச்சு. அங்க புல்லும் இலையும் போட்டு அடையாளம் வெச்சார். மறுநாள் அதிகாரிகள்கிட்ட சொல்லித் தோண்டினா, சங்கிலி சுத்தின எலும்புகள். முறைப்படி அடக்கம் பண்ணினாங்க. அதோட சத்தம் நின்னுபோச்சு.

கி.பி. 2ஆம் நூற்றாண்டுல லூசியன்ங்கற எழுத்தாளர் இந்த மாதிரிக் கதைகளைக் கிண்டல் பண்ணி எழுதினார். அவர் கதையில வீடு கொரிந்துல. பேய் நாயா, காளையா, சிங்கமா மாறி மிரட்டும். எகிப்திய மந்திரம் சொல்லி அதை மடக்குவாங்க. பிளினியோட பேய்க்கு மந்திரமெல்லாம் தேவைப்படலை. கூப்பிட்டா யாராவது வரணும், அவ்வளவுதான்.

விலங்கோட புதைச்சிருக்காங்கன்னா அடிமையாவோ கைதியாவோ இருந்திருக்கலாம். பிளினி அதைச் சொல்லலை. வாடகைக்கு வந்தவர் பேர் நமக்குத் தெரியும், கிழவர் பேர் தெரியாது.

எங்க மாடி வீட்டுத் தாத்தா, நான் படியேறும்போதெல்லாம் கையசைச்சுக் கூப்பிடுவார். "ஒரு நிமிஷம் தாத்தா, ஆபீஸ் கால்"னு கையைக் காட்டிட்டு ஓடிடுவேன். அதெனொடோரஸும் அப்படித்தான் கையைக் காட்டினார். ஆனா அவர் அப்புறம் எழுந்து போனார்.

இதை எழுதி முடிச்சுட்டு மாடிக்குப் போகணும்.