துன்பமும் பொருளும்: சிபில் கார்த்திகேசுவின் வாழ்க்கைச் சான்று

முன்னுரை

1942 சனவரி 31ஆம் நாள் பிரித்தானியப் படைகள் ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குப் பின்வாங்கின. மலாயாத் தீபகற்பம் சப்பானியர் வசமாயிற்று. அதன்பின் ஜொகூர் முதலிய மாநிலங்களின் இரப்பர்த் தோட்டங்களிலிருந்து தமிழர் பலர் சயாம்-பர்மா இரயில்பாதைப் பணிக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 1943 அக்டோபரில் நிறைவுற்ற 415 கிலோமீட்டர் நீளமான அப்பாதை, மலாயாத் தமிழரின் போர்க்காலத் துன்பத்திற்குக் குறியீடாக நிலைத்துவிட்டது. இத்தகைய துன்பத்திற்குப் பொருள் உண்டா? அதே காலத்தில் பேராக்கில் வாழ்ந்த ஒரு கிறித்தவப் பெண்மணியின் வாழ்க்கையைக் கொண்டு இவ்வினாவை இக்கட்டுரை அணுகுகிறது.

பணியும் சிறையும்

சிபில் கார்த்திகேசு 1899இல் சுமத்திராவின் மேடானில் யூரேசியக் குடும்பத்தில் பிறந்தார். செவிலியாகவும் மருத்துவச்சியாகவும் பயிற்சி பெற்ற அவர், 1919இல் இலங்கைத் தமிழ் மரபினரான மருத்துவர் கார்த்திகேசுவை மணந்தார். இருவரும் ஈப்போவில் மருந்தகம் நடத்தினர். போர் மூண்டபோது அருகிலிருந்த பாப்பான் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தனர். அங்கு அவர் தடைசெய்யப்பட்ட வானொலியில் இலண்டன் செய்திகளை இரகசியமாகக் கேட்டார். சப்பானிய எதிர்ப்புப் படையினருக்கு மருத்துவமும் செய்தார். 1943இல் கைதான அவரைக் கெம்பித்தாய் காவலர் கொடிய சித்திரவதைக்கு உள்ளாக்கினர். இளைய மகள் டோனையும் அவர் கண்முன்னே துன்புறுத்தி அச்சுறுத்தினர். எனினும் போராளிகளை அவர் காட்டிக்கொடுக்கவில்லை.

போர் முடிந்ததும் விடுதலை பெற்ற அவர், சிகிச்சைக்காகப் பிரித்தானியா சென்றார். வீரத்திற்கான ஜோர்ஜ் பதக்கம் பெற்றார். ஆயினும் சிறையில் பட்ட காயங்களிலிருந்து மீளாமல் 1948 சூனில் காலமானார். அவருடைய நினைவுக்குறிப்புகள் 1954இல் ஆங்கிலத்தில் நூலாக வெளிவந்தன.

நம்பிக்கையின் இடம்

சிபில் பற்றுமிக்க கத்தோலிக்கர். ஆனால் அவருடைய சமயப்பற்றைத் துன்பத்தைத் தேடும் மனநிலையாகக் கொள்வது பொருந்தாது. அவர் தேர்ந்துகொண்டது துன்பத்தையன்று, பணியையே. காயமுற்றவனுக்கு மருந்திட வேண்டும் என்பதே அவர் முடிவு. சிறை அம்முடிவின் விலையாக வந்தது. கிறித்தவ மரபில் சிலுவையும் இவ்வாறே புரிந்துகொள்ளப்படுகிறது. பிறர்க்கான அன்பே அதற்குப் பொருள் தருகிறது. வலி தன்னளவில் மேன்மையுடையதன்று.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. சிபிலுக்குத் தேர்வு இருந்தது. சயாமுக்குக் கொண்டுசெல்லப்பட்ட தோட்டத் தொழிலாளருக்கு அது பெரும்பாலும் இல்லை. ஏமாற்றியும் வலிந்தும் அழைத்துச் செல்லப்பட்டு, காலராவாலும் பசியாலும் மடிந்தவரின் துன்பத்திற்கு நாம் வெளியிலிருந்து ஒரு நோக்கத்தைக் கற்பித்தல் நேர்மையாகாது. விவிலியத்தின் யோபு நூலும் இதனையே உணர்த்துகிறது. யோபுவின் துன்பத்திற்குக் காரணம் கற்பித்த நண்பர்களையே இறுதியில் இறைவன் கடிந்துகொள்கிறார்.

முடிவுரை

ஆகவே, துன்பத்தின் பொருளைத் துன்புற்றவரே கூற இயலும்; பிறர் அவருக்காகக் கூறுதல் தகாது. சிபில் தம் சான்றை எழுத்தில் விட்டுச்சென்றார். சயாமில் மாண்ட தமிழருள் மிகப்பெரும்பாலோர்க்கு அவ்வாய்ப்பும் கிட்டவில்லை. அவர்தம் துன்பத்திற்கு விளக்கம் தேடுவதைவிட, தப்பிப் பிழைத்தோரும் குடும்பத்தினரும் காத்துவந்த நினைவுகளைப் பதிவுசெய்வதே வரலாற்றாசிரியர்க்கும் தமிழாசிரியர்க்கும் உரிய முதற்கடமையாகும்.