மன்னார்க் கரையும் மண்ணீரலும்

இடப்பக்க விலா எலும்புகளின் பின்னே மறைந்து கிடக்கும் ஓர் உறுப்பை விரல்களால் தடவிப் பார்த்தே ஒரு நாட்டின் நோய்நிலையைக் கணித்த காலம் ஒன்று இருந்தது. மலேரியா ஆய்வாளர் ஊர்ப் பாடசாலைக்குச் செல்வர். சிறுவரை வரிசையில் நிறுத்துவர். ஒவ்வொருவரின் வயிற்றையும் மெல்ல அழுத்தி, மண்ணீரல் விலாவுக்குக் கீழே இறங்கியுள்ளதா எனப் பார்ப்பர். நூறு சிறுவரில் எத்தனை பேருக்கு அது பருத்திருந்தது என்பதே அவ்வூரின் ‘மண்ணீரல் வீதம்’ எனப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வட இந்தியக் கால்வாய்ப் பகுதிகளில் டெம்ஸ்ரர் என்னும் மருத்துவர் கையாண்ட இம்முறை, பின்னர் இலங்கையின் மலேரியா ஆய்வுகளிலும் இடம்பெற்றது.

மன்னாரின் வரலாறு என்றதும் மாதோட்டத் துறைமுகமும் திருக்கேதீச்சரமும் முத்துக்குளிப்பும் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டையும் நினைவுக்கு வருதல் இயல்பு. அந்நிலத்தில் வாழ்ந்தோரின் உடலுக்கும் ஒரு வரலாறு உண்டு. கல்வெட்டுகளிலும் காணி உறுதிகளிலும் அது பதியப்படவில்லை, மண்ணீரலில் பதிந்திருந்தது.

உடலினுள் குருதி ஓடும் குழாய்களையன்றி வேறொரு குழாய்த் தொகுதியும் உண்டு என்பது மேலைநாட்டு மருத்துவத்திற்கு 17ஆம் நூற்றாண்டில்தான் தெளிவாயிற்று. 1622இல் இத்தாலியரான அசெல்லி, நாயொன்றின் குடலருகே பால்போன்ற திரவம் நிறைந்த நுண்குழாய்களைக் கண்டார். அந்நூற்றாண்டின் நடுவில் டென்மார்க்கின் பார்த்தொலின் அத்தகைய குழாய்கள் உடலெங்கும் பரந்துள்ளமையை விளக்கினார். இழையங்களில் கசிந்து தேங்கும் நீரை இக்குழாய்கள் திரட்டி மீண்டும் குருதியிற் சேர்க்கின்றன. அந்நீரே நிணநீர். அது செல்லும் வழியிலே கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் நிணநீர்க்கணுக்கள் அமைந்து, அந்நியப் பொருள்களை வடித்துச் சோதிக்கின்றன. காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுவது அச்சோதனையின் அறிகுறியே.

மண்ணீரலும் இத்தொகுதியைச் சேர்ந்ததே. நிணநீர் உறுப்புகளுள் மிகப் பெரியதும் அதுவே. எனினும், கணுக்கள் நிணநீரை வடிப்பன. மண்ணீரல் குருதியையே வடிப்பது. மலேரியா ஒட்டுண்ணி குருதியின் செங்குழியங்களுள் புகுந்து வாழ்வதாகையால் மண்ணீரலே அதற்கெதிரான போர்க்களமாகிறது. அதன் செம்பகுதியிலுள்ள நெருக்கமான இடுக்குகளினூடே செங்குழியங்கள் வளைந்து நெளிந்து செல்ல வேண்டும். ஒட்டுண்ணி புகுந்த குழியம் விறைத்துப் போவதால் அங்கே சிக்குண்டு தின்குழியங்களுக்கு இரையாகும். வெண்பகுதியிலுள்ள நிணநீர்க்குழியங்களோ பகைவனை அடையாளங்கண்டு, அதற்குரிய பிறபொருளெதிரிகள் உருவாக வழிசெய்கின்றன. நலமுள்ள ஒருவரில் ஏறத்தாழ 150 கிராம் நிறையுள்ள இவ்வுறுப்பு, ஓயாத தொற்றினால் ஒரு கிலோகிராமையும் தாண்டிப் பருப்பதுண்டு. வயிற்றிலே கட்டி என ஊரார் கண்டது பெரும்பாலும் இதனையே.

இங்கு ஒரு வேறுபாட்டைக் கருத்திற் கொள்ள வேண்டும். சின்னமுத்து ஒருமுறை வந்து நீங்கினால் வாழ்நாள் முழுவதும் காப்பு நிலைக்கும். மலேரியா அவ்வாறன்று. பலமுறை வந்து, பல ஆண்டுகள் வருத்தி, அதன் பின்னரே உடல் ஓரளவு நிர்ப்பீடனம் பெறுகிறது. அதுவும் ஒட்டுண்ணியை முற்றாக ஒழிப்பதன்று. குருதியில் அது இருந்தவாறே காய்ச்சல் கடுமையாகாமல் தடுப்பது மட்டுமே. தொற்று நின்று சில ஆண்டுகள் கழிந்தால் அக்காப்பும் பெரிதும் தேய்ந்துவிடும். 1961இல் கோகென், மக்கிரெகர் ஆகியோர், மலேரியா மிகுந்த மேற்காபிரிக்காவில் வளர்ந்தோரின் குருதியிலிருந்து பிறபொருளெதிரிகளைப் பிரித்தெடுத்துக் காம்பியாவில் நோயுற்ற குழந்தைகளுக்குச் செலுத்தியபோது, குழந்தைகளின் குருதியில் ஒட்டுண்ணிகள் விரைந்து குறைந்தன. வளர்ந்தோர் பெற்றிருந்த காப்பு குருதியில் ஓடும் பொருளே என்பது இதனால் நிறுவப்பட்டது. ஆயின், அவ்வாறு வளர்ந்தவர் ஒவ்வொருவருக்கும் பின்னால், வளராமலே இறந்த குழந்தைகள் எத்தனை என்னும் வினாவும் உடனெழுகிறது. ‘ஊர்த்தண்ணீருக்குப் பழகிய உடம்பு’ எனப் புகழ்ந்து கூறுவோர் அக்கணக்கைக் கூறுவதில்லை.

பருத்த மண்ணீரல் காப்பின் சின்னம் மட்டுமன்று, ஆபத்தும் ஆகும். சிறு அடியாலும் அது வெடிக்கக்கூடும். குடியேற்றக் கால இந்தியாவில், வெள்ளையரின் உதையால் வேலையாள் இறந்தபோதெல்லாம் ‘மண்ணீரல் முன்னரே நோயுற்றிருந்தது’ என்பது நீதிமன்றங்களில் எடுபடும் வாதமாயிற்று. 1876இல் பெரிதும் பேசப்பட்ட வழக்கொன்றில், ஆக்ராவைச் சேர்ந்த புல்லர் என்னும் ஆங்கில வழக்கறிஞர் தம் குதிரைக்காரரை அடிக்க, அவர் மண்ணீரல் வெடித்து மாண்டார். விதிக்கப்பட்ட தண்டம் 30 ரூபாய். அரசப் பிரதிநிதி லிற்றன் பிரபுவே இத்தீர்ப்பைக் கண்டிக்க நேர்ந்தது. மலேரியாவோடு போராடிப் பருத்த உறுப்பு, அடித்தவனின் குற்றத்தைக் குறைக்கும் சான்றாக்கப்பட்ட விந்தை இது.

மன்னார் மாவட்டத்தை நோக்குவோமாயின், தீவும் பெருநிலமும் ஒன்றல்ல என்பது தெரியவரும். தீவு மணற்பாங்கானது, அங்கே ஆறு இல்லை, மக்கள் கிணற்று நீரை நம்பியிருந்தனர். பெருநிலத்திலோ அருவியாறு பாய்கிறது. கட்டுக்கரைக்குளமும் அதைச் சூழ்ந்த சிறுகுளங்களும் வயல்களுக்கு நீரளிக்கின்றன. இலங்கையில் மலேரியாவைப் பரப்பிய முதன்மையான நுளம்பு அனோபிலிஸ் கியூலிசிபேசிஸ். வற்றிவரும் ஆற்றின் படுகையில் வெயில்படத் தேங்கிய தெளிந்த நீர்க்குட்டைகளே அது பெரிதும் விரும்பும் இடம். உலர்வலய ஆறுகள் ஆண்டின் பெரும்பகுதி அந்நிலையிலேயே இருப்பன. ஆகவே உலர்வலய மக்களுக்கு மலேரியா பருவந்தோறும் வந்துபோகும் விருந்தாளியாயிற்று. அழைக்காமல் வந்த விருந்தாளிதான்.

மாதோட்டமும் உலர்வலயத்தின் பழம்பெரும் நகரங்களும் அழிந்தமைக்கு மலேரியாவே காரணமோ? 1921இல் லூசியஸ் நிக்கல்ஸ் இலங்கையின் மறைந்த நகரங்களை மலேரியாவுடன் தொடர்புபடுத்தி எழுதினார். இக்கருத்து கவர்ச்சியானதே. ஆயினும், பராமரிப்பாரின்றி உடைந்த குளங்களும் தூர்ந்த வாய்க்கால்களுமே நுளம்பு பெருகுதற்கேற்ற குட்டைகளாயின எனின், நோய் வீழ்ச்சியின் காரணமா விளைவா என்பது எளிதில் தீராத வினாவாகிறது. போரும் ஆட்சிச் சிதைவும் முந்தியன, காய்ச்சல் பிந்தியது எனக் கொள்வதே பொருந்தும் எனலாம். ஒருமுறை வெறிச்சோடிய நிலத்தில் மீண்டும் குடியேற விடாது தடுத்தமையே மலேரியாவின் பெரும்பங்கு.

நிர்ப்பீடனத்தின் மதிப்பை இலங்கை முழுவதும் உணர்ந்த ஆண்டு 1934. அவ்வாண்டு தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. ஈரவலயத்தில் ஓயாது ஓடிய களனி கங்கையும் மகா ஓயாவும் குட்டைகளாகச் சிதறின. உலர்வலயத்திற்கே உரிய காட்சி கேகாலைக்கும் குருநாகலுக்கும் இடம்பெயர்ந்தது. 1934 ஒற்றோபர் தொடங்கி அடுத்த ஆண்டின் நடுப்பகுதிக்குள் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். மலேரியாவின் நிரந்தர இருப்பிடமான உலர்வலயம், ஈரவலயத்தின் விளிம்பிலிருந்த மாவட்டங்களைப் போன்று அழியவில்லை. அங்கே வளர்ந்தோரின் உடல் பகைவனை முன்னரே அறிந்திருந்தது. கேகாலையாரின் உடல் அறிந்திருக்கவில்லை. ஆயினும் இதனை நிர்ப்பீடனக் கதையாக மட்டும் காண்பது தவறு. உலகப் பொருளாதார மந்தத்தால் வேலையிழந்து, வறட்சியால் விளைவிழந்து, பசித்திருந்த உடல்களையே நோய் எளிதில் வீழ்த்தியது. நிவாரணப் பணியில் ஈடுபட்ட எஸ்.ஏ. விக்கிரமசிங்க, பிலிப் குணவர்த்தன முதலானோர் கண்ட கிராமப்புற வறுமை, 1935 டிசம்பரில் தோன்றிய லங்கா சமசமாசக் கட்சிக்கு உரமூட்டிற்று.

இரண்டாம் உலகப் போரின் முடிவையடுத்து டீ.டீ.ரீ. தெளிப்பு நாடெங்கும் பரவிற்று. 1963இல் நாடு முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளர் 17 பேர் மட்டுமே. வெற்றி எய்தியதாகக் கருதி, அதையடுத்துத் தெளிப்பு நிறுத்தப்பட்டது. 1969இல் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டிற்று. தெளிப்பை நிறுத்தியமையும் கண்காணிப்புத் தளர்ந்தமையும் இதற்குக் காரணங்களாகக் கூறப்படுவன. இவற்றோடு இன்னொன்றையும் சேர்த்தல் வேண்டும். இடைப்பட்ட ஆண்டுகளில் உலர்வலயத்துச் சிறுவரின் மண்ணீரல் சுருங்கி இயல்புநிலை எய்தியிருந்தது. அவர்கள் காப்பையும் இழந்திருந்தனர். நோயை ஒழித்தால் நோயெதிர்ப்பும் ஒழியும் என்பது அன்றே வெளிப்பட்டது.

போர்க்காலம் வடக்கில் இப்பணியை மீண்டும் குலைத்தது. 1990 முதல் மடுவிலும் பேசாலையிலும் இடம்பெயர்ந்தோர் நிலையங்கள் இயங்கின. காட்டோரத்துக் கூடாரங்களில் மக்கள் நெருங்கி வாழ்ந்தனர். 1999இல் நாட்டில் பதிவான நோயாளர் இரண்டரை இலட்சத்திற்கு மேற்பட்டோர். அவர்களுட் பெரும்பாலோர் போர் நடந்த மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். எனினும் போரின் நடுவிலேயே நோய் படிப்படியாகத் தணிந்தமை வியப்புக்குரியது. மருந்தூட்டிய நுளம்புவலையும், குருதிப் பரிசோதனையும், இருபுறத்தும் நின்று உழைத்த சுகாதாரப் பணியாளரும் இதற்குக் காரணம். உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளர் 2012 ஒற்றோபரில் காணப்பட்டார். 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியாவற்ற நாடாக அறிவித்தது.

அடுத்த மூன்று மாதங்கள் கழிந்ததும், 2016 டிசம்பரில், மன்னார்த் தீவில் அனோபிலிஸ் ஸ்டெபென்சி என்னும் நுளம்பின் குடம்பிகள் கண்டுபிடிக்கப்பட்டன. இலங்கையில் அதற்கு முன் அறியப்படாத இனம் அது. சென்னை முதலான இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்புவது அதுவே. ஆற்றுக்குட்டை அதற்குத் தேவையில்லை. கிணறும் நீர்த்தொட்டியும் போதும். ஆறில்லாத மணல்தீவு, பழைய நுளம்புக்கு உவக்காத அதே காரணத்தால் புதியதற்கு உவந்த இடமாயிற்று. இந்நுளம்பு 2012இல் ஜிபூத்தியில் காணப்பட்டது. அவ்வாண்டு அங்கே 27ஆக இருந்த நோயாளர் தொகை 2020இல் 73,000ஐத் தாண்டிற்று. மன்னாரில் அறியப்பட்ட பின் யாழ்ப்பாணத்திலும் அது காணப்பட்டுள்ளது.

நுளம்பு மட்டும் நோயைத் தருவதில்லை. ஒட்டுண்ணியைச் சுமந்த மனிதரும் வேண்டும். அத்தகையோர் வெளிநாடுகளிலிருந்து ஆண்டுதோறும் வந்துகொண்டேயிருக்கின்றனர். 2018 டிசம்பரில் அவ்வாறு வந்த தொழிலாளி ஒருவரிடமிருந்து உள்நாட்டவர் ஒருவருக்குத் தொற்றியமை கண்டறியப்பட்டு, உடனே கட்டுப்படுத்தப்பட்டது. 2012இன் பின் பிறந்த மன்னார்ப் பிள்ளையின் மண்ணீரலுக்கு இவ்வூட்டுண்ணியுடன் முன்பழக்கம் எதுவுமில்லை. இவ்வகையில் அப்பிள்ளை 1934இன் கேகாலைப் பிள்ளைக்கு நிகர். வேறுபாடு யாதெனில், விரல்நுனியிலிருந்து எடுத்த ஒரு துளி குருதியை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்க்கும் பணியாளர் இன்று மாவட்டந்தோறும் உள்ளனர். தீவின் கிணறுகளில் குடம்பிகளைத் தின்னும் சிறுமீன்கள் விடப்பட்டன. மூடக்கூடிய கிணறுகள் மூடப்பட்டன. அம்மீன்கள் உயிரோடுள்ளனவா எனக் கிணற்றை எட்டிப் பார்ப்பதும் அப்பணியாளரின் கடமைகளுள் ஒன்றாயிற்று.