எபிரேயம் பேசும் நசரேயர்கள்

ஞாயிறு திருப்பலியில் நாம் எண்ணிப் பாராமலே எபிரேயம் பேசுகிறோம். ஆமென், அல்லேலூயா, ஓசன்னா என்பவை அம்மொழி நமக்குத் தந்த சொற்கள். ஆயினும் இதை எபிரேயம் பேசுவது என்று எவரும் சொல்லார். குழந்தையைத் தாலாட்டவும், கடையில் விலை கேட்கவும், அண்டை வீட்டாரோடு சச்சரவிடவும் பயன்படும் மொழியே பேச்சுமொழி. அவ்வாறு பார்த்தால் எபிரேயம் இன்று யாருடைய நாவில் வாழ்கிறது? யூதருடைய நாவில் என்பதே நம் உடனடி விடை. அது பிழையன்று; ஆனால் முழு விடையும் அன்று.

கி.பி. 135இல் உரோமையருக்கு எதிரான யூதக் கிளர்ச்சி நசுக்கப்பட்டபின், எபிரேயத்தைத் தாய்மொழியாகப் பேசிய ஊர்கள் அருகி மறைந்தன. செபமும் நூலும் கடிதமும் கவிதையும் அம்மொழியில் தொடர்ந்தன. தாலாட்டு மட்டும் நின்றுபோயிற்று. புனித எரோணிமுஸ் 386இல் பெத்லகேமில் குடியேறி, யூத ஆசிரியரின் துணையோடு திருநூலின் மூலமொழியில் ஆழ்ந்தபோது, அது ஏற்கெனவே கற்றோர் மொழியாகி இருந்தது.

அறுபட்ட தாலாட்டை மீண்டும் தொடங்க முனைந்தவர் எலியேசர் பென் யெகூதா. உருசியப் பேரரசில் 1858இல் பிறந்த அவர் 1881இல் பாலஸ்தீனம் வந்து, தம் வீட்டில் எபிரேயம் தவிர வேறு மொழி ஒலிக்கலாகாது என்று உறுதி பூண்டார். அடுத்த ஆண்டு பிறந்த மகனுக்கு அதுவே முதல் மொழி. பேச வேறு பிள்ளைகள் இல்லாத மொழியில் வளர்ந்த அச்சிறுவனின் தனிமையை எண்ணினால், தந்தையின் வெற்றியை மனமாரப் புகழவும் இயலவில்லை. எருசலேமின் வைதீக யூதர் அவரைச் சமூக விலக்கம் செய்தனர். புனித மொழியைச் சந்தைக்கு இழுத்தார் என்பது அவர்கள் குற்றச்சாட்டு. அக்குழுவினரில் ஒரு பகுதியார் இன்றும் வீட்டில் இத்திஷ் மொழியே பேசி, எபிரேயத்தைச் செபத்துக்கென்று ஒதுக்கி வைத்துள்ளனர்.

புத்துலகப் பொருள்களுக்குச் சொல் தேடியோர் திருநூலையே தோண்டினர். இறைவாக்கினர் எசேக்கியேல் தம் காட்சியில் நெருப்பின் நடுவே கண்ட பளபளப்பைக் குறித்த 'கஷ்மல்' என்னும் அரிய சொல் இன்று மின்சாரத்தைக் குறிக்கிறது. எபிரேயச் சிறுவன் மின்விளக்கின் பொத்தானை அழுத்தும்போது இறைவாக்கினரின் சொல்லைத் தொடுகிறான். அதை அவன் அறிவதில்லை, நாம் ஆமென் சொல்வதைப் போலவே.

இன்று சுமார் ஒரு கோடி மக்கள் வாழும் இஸ்ரயேலே இம்மொழியின் இல்லம். அங்கிருந்து புலம்பெயர்ந்தோரால் நியூயார்க்கிலும் லாஸ் ஏஞ்சலிசிலும் பெர்லினிலும் அது ஒலிக்கிறது. நாட்டு மக்களில் ஐந்தில் ஒரு பங்கினரான அரபியர், வீட்டில் அரபும் வெளியில் எபிரேயமும் பேசுகின்றனர். அவர்களுள் ஒருவரான அன்டோன் ஷம்மாஸ், கலிலேயாவின் ஃபஸூதா என்னும் கிறிஸ்தவச் சிற்றூரில் பிறந்தவர். அவ்வூர்க் கதையை 'அராபெஸ்க்' என்ற புதினமாக 1986இல் எபிரேயத்தில் எழுதினார். எபிரேய இலக்கியம் யூதருக்கு மட்டுமே உரியதா என்ற வினாவை யூத வாசகர் முன் அந்நூல் வைத்தது. 2018இல் இயற்றப்பட்ட சட்டம் எபிரேயத்தை மட்டும் அரசின் மொழியாக்கி, அதுவரை ஆட்சிமொழியாயிருந்த அரபுக்குத் 'தனிநிலை' என்ற பெயரை அளித்தது.

நம் திருச்சபைக்கும் இம்மொழியில் ஒரு சிறு மந்தை உண்டு. 1955இல் எருசலேம் இலத்தீன் மறைமுதுவரின் இசைவோடு புனித யாக்கோபின் பெயரால் அது தொடங்கப்பட்டது. அதை உருவாக்கியவருள் ஒருவர் அருட்தந்தை புரூனோ உசார். கெய்ரோவில் யூதக் குடும்பத்தில் பிறந்து கத்தோலிக்கராகித் தொமினிக்கன் சபையில் குருவானவர். உலகெங்கும் இலத்தீனில் திருப்பலி நடந்த அந்நாளில், இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூடுமுன்பே, எபிரேயத்தில் வழிபட இவர்களுக்கு இசைவு கிடைத்தது. எருசலேம், யாப்பா, ஹைஃபா, பெயேர்செபா ஆகிய இடங்களில் சில நூறு பேர் இவ்வாறு வழிபடுகின்றனர். அங்கே ஆண்டவர் பெயர் 'யேசுவா'. யூதர் வழக்கில் உள்ள 'யேசு' என்னும் வடிவில் நெடுநாளைய இகழ்ச்சி ஒட்டியிருப்பதால் அதை அவர்கள் கொள்வதில்லை. கிறிஸ்தவனுக்கு எபிரேயச் சொல் 'நொத்ஸ்ரி', அதாவது நசரேயன். ஆளுநர் முன் பவுல்மீது குற்றம் சாட்டியோர் சொன்ன அதே பெயர்.

இம்மந்தையை எதிர்பாராத வகையில் பெருக்கியவர்கள் ஏழைகள். முதியோரைப் பேணவும் வீட்டு வேலை செய்யவும் பிலிப்பைன்ஸ், கேரளம், இலங்கை முதலிய இடங்களிலிருந்து வந்த பெண்களே அவர்கள். புனித பேதுரு தங்கியிருந்த யோப்பாதான் இன்றைய யாப்பா. அங்குள்ள புனித அந்தோனியார் ஆலயம் இவர்களால் நிரம்புகிறது. தாய் ஆங்கிலத்திலோ கொங்கணியிலோ மலையாளத்திலோ செபிக்கிறாள். அங்கேயே பிறந்து அரசுப் பள்ளியில் பயிலும் பிள்ளைக்கு எபிரேயமே இயல்பான மொழி. தாய் தன் செபங்களைக் கற்றுக்கொடுக்கிறாள். பிள்ளை ஒப்பிக்கிறது, பொருள் புரிவதில்லை. எனவே பிள்ளைகளுக்கான மறைக்கல்வி நூல்களை எபிரேயத்தில் புதிதாக எழுத வேண்டியதாயிற்று. 2009 முதல் 2017 வரை இச்சமூகத்தின் பதில்குருவாக இருந்த இயேசு சபைக் குரு தாவீது நியூகாஸ் இப்பணியில் முன்னின்றார்.

நெகேமியா நூலின் இறுதி அதிகாரம் நினைவுக்கு வருகிறது. அயலினப் பெண்களை மணந்த யூதரின் பிள்ளைகளில் பாதிப்பேர் அஸ்தோதின் மொழி பேசினர், யூதரின் மொழி அறியவில்லை என்று சினந்து, அத்தந்தையரை நெகேமியா அடித்து முடியைப் பிடுங்கினார். இன்று அந்த அஸ்தோது எபிரேயம் பேசும் துறைமுக நகரம். அயலினப் பெண்களின் பிள்ளைகளோ எபிரேயம் தவிர வேறு மொழி சரிவர அறியாதவர்கள்.

இப்பிள்ளைகளின் குடியுரிமை கேள்விக்குறியாகவே உள்ளது. 2010 ஆகஸ்டில் இஸ்ரயேல் அமைச்சரவை சுமார் 1,200 பிள்ளைகள் குறித்து முடிவெடுத்தது. ஐந்தாண்டு வசித்திருக்க வேண்டும், பள்ளியில் பயில வேண்டும், பெற்றோர் முறைப்படி நாட்டுக்குள் வந்திருக்க வேண்டும் என்பவற்றோடு, எபிரேயம் பேச வேண்டும் என்பதும் ஒரு நிபந்தனை. ஏறத்தாழ 800 பேர் தகுதி பெறுவர் என்றும், எஞ்சிய 400 பேர் வெளியேற வேண்டும் என்றும் அன்று கணக்கிடப்பட்டது. வெளியேற வேண்டியவர்களும் எபிரேயம் நன்றாகவே பேசினார்கள். வயதோ தாயின் ஆவணமோதான் குறுக்கே நின்றது. 2019 ஆகஸ்டில் பிலிப்பைன்ஸ் தாய்மாரும் பிள்ளைகளும் பிடித்து வைக்கப்பட்டபோது, உடன்பயிலும் யூதச் சிறுவர்கள் டெல் அவீவ் வீதியில் நின்று குரல் கொடுத்தனர். அம்மாதமே ஒரு தாயும் அங்கே பிறந்து வளர்ந்த அவள் மகனும் விமானம் ஏற்றி அனுப்பப்பட்டனர். எபிரேயம் பேசுவோர் வாழும் இடங்களில் பிலிப்பைன்ஸையும் இனிச் சேர்த்தே எண்ண வேண்டும்.