பெல் அடிச்ச பிறகும் ஸ்கூல் முடியாது! - அமெரிக்கப் புறநகர் ஹைஸ்கூல் எப்படி இயங்குது?

`நெவர் ஹேவ் ஐ எவர்' பார்த்திருப்பீங்க. லாஸ் ஏஞ்சலஸின் ஷெர்மன் ஓக்ஸ் பகுதியில் வசிக்கும் தமிழ்க் குடும்பத்துப் பொண்ணு தேவி. ஆர்கெஸ்ட்ராவில் ஹார்ப் வாசிப்பாள், மாதிரி ஐ.நா கூட்டத்துக்குப் போவாள், நடுவில் காதல், சண்டை, பார்ட்டி. இதுக்கெல்லாம் நடுவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் சீட் வேணும்னு வெறி. `யூனிஃபார்ம் இல்ல, பிளஸ் டூ டென்ஷன் இல்ல, இவங்க எப்பதான் படிக்கிறாங்க?'னு உங்களுக்குத் தோணியிருக்கலாம்.

படிக்கிறாங்க. நாலு வருஷமும் படிக்கிறாங்க. நம்ம ஊர்ல ஒரு மாசத்துல நடக்கிற பரீட்சைக்கலவரத்தை அங்கே நாலு வருஷத்துக்குப் பிரிச்சுத் தடவியிருக்காங்க, அவ்வளவுதான் வித்தியாசம்.

அமெரிக்காவில் ஹைஸ்கூல் என்பது பெரும்பாலும் 9 முதல் 12-ம் வகுப்பு வரை. வருஷ வாரியாக ஃபிரெஷ்மேன், சோஃபோமோர், ஜூனியர், சீனியர். `ஃபர்ஸ்ட் குரூப்பா, காமர்ஸா?' என்ற கேள்வியே கிடையாது. ஒவ்வொரு மாணவருக்கும் தனி டைம்டேபிள். ஆசிரியர் தன் அறையிலேயே இருப்பார், மாணவர்கள்தான் மணிக்கு மணி அறை மாறுவார்கள். (லாக்கர் எதுக்குன்னு இப்போ புரியுதா?) கணக்கில் புலியாக இருக்கும் 10-ம் வகுப்புப் பையன், 12-ம் வகுப்பு அண்ணன்களோடு கால்குலஸ் வகுப்பில் உட்காரலாம். அதே பையன் ஆங்கிலத்தில் சாதாரண வகுப்பில் இருக்கலாம். கெமிஸ்ட்ரியும் கார் மெக்கானிக் வகுப்பும் ஒரே வருஷத்தில் எடுக்கலாம். யார் எதை எடுக்கிறது என்று பேசி முடிவு செய்ய கவுன்சலர் என்று ஒருவர் இருப்பார்.

டிப்ளமா வாங்க, குறிப்பிட்ட எண்ணிக்கையில் கிரெடிட் சேர்க்க வேண்டும். ஒரு பாடத்தில் வருஷத்துக்கு சுமார் 120 மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு யூனிட் என்ற கணக்கை, 1900-களின் தொடக்கத்தில் கார்னகி அறக்கட்டளை பிரபலமாக்கியது. மாகாணத்துக்கு மாகாணம் விதிகள் மாறினாலும், அடிப்படை இன்னும் அதேதான்.

இனிமேல்தான் சிக்கல். ஒவ்வொரு பாடத்துக்கும் ஏ, பி, சி என கிரேடு உண்டு. அதை 4-க்கு இத்தனை என்று சராசரி எடுத்தால் ஜி.பி.ஏ. கடினமான `ஏ.பி' வகுப்பு எடுத்தால் பல பள்ளிகளில் 5-க்குக் கணக்கிடுவார்கள். ஏ.பி என்றால் கல்லூரி முதலாமாண்டு தரத்தில் நடக்கும் பாடம். மே மாதம் அதற்குத் தனித் தேர்வு, மதிப்பெண் 1 முதல் 5 வரை. 3 அல்லது அதற்கு மேல் வாங்கினால் பல அரசுப் பல்கலைக்கழகங்கள் அந்தப் பாடத்துக்கு கிரெடிட் தருகின்றன. ஃபீஸும் மிச்சம். அதனால் பசங்களுக்குள் கேட்டுக்கொள்வது `எத்தனை மார்க்?' இல்லை, `எத்தனை ஏ.பி எடுத்திருக்கே?'

வீட்டுப்பாடம், குட்டித் தேர்வு, புராஜெக்ட் எல்லாமே கிரேடில் சேரும். பரீட்சை அன்னிக்கு காய்ச்சல் வந்து வாழ்க்கையே போச்சு என்ற பயம் அங்கே குறைவு. அது உண்மையிலேயே பெரிய நிம்மதி. ஆனால், 14 வயசுல ஒரு செமஸ்டர் சொதப்பினா, அந்த கிரேடு 17 வயசுல காலேஜ்காரங்க மேஜையில் போய் உட்கார்ந்திருக்கும்.

மணி 3... அடுத்த ஷிஃப்ட்!

பல பள்ளிகள் காலை ஏழரை மணிக்கே தொடங்கிவிடும். காரணம் கல்வி இல்லை, பஸ்! அதே மஞ்சள் பஸ்தான் முதலில் பெரிய பசங்களை இறக்கிவிட்டு, அடுத்து சின்னப் பசங்களை அழைத்துவரப் போக வேண்டும். டீன் ஏஜ் உடம்புக்கு இந்தத் தூக்கக் குறைவு நல்லதில்லை, எட்டரைக்கு முன் பள்ளி தொடங்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2014-ல் சொன்னது. 2022 முதல் கலிஃபோர்னியாவில் பெரும்பாலான ஹைஸ்கூல்களுக்கு அது சட்டமாகவே ஆகிவிட்டது.

மதியம் இரண்டரை, மூன்று மணிக்கு வகுப்புகள் முடியும். பாதிப் பேர் வீட்டுக்குப் போக மாட்டார்கள். இலையுதிர் காலத்தில் ஃபுட்பால், குளிர்காலத்தில் பாஸ்கெட்பால், வசந்தத்தில் பேஸ்பாலும் ஓட்டப்பந்தயமும். டிரையவுட்டில் தேறினால்தான் அணியில் இடம். முதல் அணி வார்சிட்டி, அடுத்தது ஜே.வி. வெள்ளி இரவு மேட்ச்சுக்கு ஊரே திரண்டு வரும். மார்ச்சிங் பேண்டு பசங்களைக் குறைத்து மதிப்பிடாதீங்க. டியூபாவைத் தோளில் சுமந்துகொண்டு, ஆகஸ்ட் வெயிலில், அடி பிசகாமல் நடந்துகொண்டே வாசிக்கிற பயிற்சி பள்ளி திறக்கும் முன்பே ஆரம்பிச்சுடும்.

ஆட்டமும் படிப்பும் தனித்தனி என்று நினைத்தால், டெக்ஸாஸைப் பாருங்க. 1984-ல் `நோ பாஸ், நோ ப்ளே' என்று ஒரு விதி கொண்டுவந்தார்கள். ஒரு பாடத்தில் 70-க்குக் கீழே போனால் போட்டியில் இறங்க முடியாது. ஊரின் நட்சத்திர ஆட்டக்காரனாக இருந்தாலும் பெஞ்ச்தான். ஏ.பி மாதிரி கடினமான சில வகுப்புகளுக்கு மட்டும் விலக்கு.

விளையாட்டு வராதவர்களுக்கு கிளப்புகள். டிபேட், ஸ்கூல் பேப்பர், இயர்புக், மேடை நாடகம், 15 பேர் கொண்ட அணியாக மோதும் சயின்ஸ் ஒலிம்பியாட். டீன் கேமன் 1989-ல் தொடங்கிய `ஃபர்ஸ்ட்' அமைப்பின் ரோபோ போட்டிக்கு, ஜனவரியில் விதிகள் வெளியானதும் பசங்க பட்டறையே கதின்னு கிடப்பாங்க. புதுசா கிளப் தொடங்கணுமா? பொறுப்பேற்க ஓர் ஆசிரியர் கிடைத்தால் பெரும்பாலும் போதும். 1984-ம் ஆண்டின் மத்தியச் சட்டம் ஒன்று, பாடத்துக்குச் சம்பந்தமில்லாத ஒரு கிளப்பை அனுமதிக்கும் பள்ளி, கருத்து பிடிக்கவில்லை என்று மற்றதை மறுக்கக் கூடாது என்கிறது. செஸ் கிளப்புக்கு இடமிருந்தால் பைபிள் கிளப்புக்கும் தன்பாலின மாணவர்களின் கிளப்புக்கும் இடம் உண்டு.

150 எழுத்தில் நாலு வருஷம்

இதெல்லாம் ஆசைக்குச் செய்கிறவைதான். ஆனால், `காமன் ஆப்' என்ற பொது விண்ணப்பம் வழியாகத்தான் ஏராளமானோர் கல்லூரிக்கு விண்ணப்பிக்கிறார்கள். அதில் பாடம் தாண்டிய செயல்பாடுகளுக்கு 10 கட்டங்கள். ஒவ்வொன்றிலும் என்ன செஞ்சேன் என்று விவரிக்க 150 எழுத்துகள், இடைவெளியும் சேர்த்து. பழைய ட்வீட்டைவிடக் கொஞ்சம்தான் அதிகம். நாலு வருஷ டியூபா பயிற்சி அதுக்குள்ள அடங்கணும். இந்தக் கட்டம் வந்து நின்றதும், பிடிச்சதைச் செய்கிறோமா, கட்டத்தை நிரப்புகிறோமா என்ற குழப்பம் பசங்களுக்கு வந்துவிடுகிறது. என்னைக் கேட்டால், தேர்வுகளைவிட இந்த 10 கட்டங்கள்தான் கொடுமை. பரீட்சைக்காவது சிலபஸ் உண்டு!

ஒரு நல்ல விஷயம், பகுதிநேர வேலையையும் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வதையும் அதே கட்டத்தில் எழுதலாம். ஏன்னா, மாலை ஆறு மணிக்கு பிராக்டீஸ் முடிஞ்சு காரில் கூட்டிப் போக எல்லார் வீட்டிலும் ஆள் இருக்காது.

`அரசுப் பள்ளிதானே, இலவசம்தானே?' என்றால், ஆமாம், இல்லை. பள்ளிக்கான பணத்தில் கணிசமான பங்கு உள்ளூர் வீட்டு வரியில் இருந்து வருகிறது. வீடு விலை அதிகமுள்ள ஊரில் பள்ளியும் செழிப்பாக இருக்கும், பள்ளி நல்லா இருந்தால் வீடு விலை இன்னும் ஏறும். இது அநியாயம் என்று சான் அன்டோனியோ நகரின் ஏழைப் பள்ளிப் பகுதிப் பெற்றோர் வழக்கு போட்டார்கள். `அரசியலமைப்புச் சட்டத்தை மீறியதாகாது' என்று 1973-ல் 5-க்கு 4 என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அங்கே நம்ம ஆட்கள் வீடு பார்க்கும்போது சமையலறைக்கு முன்னாடி ஸ்கூல் ரேட்டிங் பார்க்கிறதுக்குக் காரணம் இதுதான்.

ஒரு ஊர் இரண்டாகப் பிரிந்த கதை

இந்த ஓட்டத்துக்கு பிரேக் போட முயன்ற ஓர் ஊர் உண்டு. நியூ ஜெர்சியில் பிரின்ஸ்டனுக்குப் பக்கத்தில் வெஸ்ட் விண்ட்சர் - ப்ளெய்ன்ஸ்போரோ. இந்திய, சீனக் குடும்பங்கள் அதிகம் குடியேறிய பகுதி. 2015-ல் அங்கே பள்ளிகளின் கண்காணிப்பாளராக இருந்த டேவிட் அடர்ஹோல்ட், பெற்றோருக்கு 16 பக்கக் கடிதம் எழுதினார். முந்தைய கல்வியாண்டில் 120 மாணவர்களுக்கு மனநலப் பரிசோதனை பரிந்துரைக்கப்பட்டது, 40 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள் என்ற தகவல் அப்போது வெளியே வந்தது. ஹைஸ்கூலில் மிட்டெர்ம், ஃபைனல் தேர்வுகள் நீக்கப்பட்டன. வீட்டுப்பாடமே இல்லாத இரவுகள் அறிவிக்கப்பட்டன. 4-ம் வகுப்பில் தொடங்கிய சிறப்புக் கணக்கு வகுப்பு 6-ம் வகுப்புக்குத் தள்ளிப்போனது.

ஊர் இரண்டாகப் பிளந்தது. வெள்ளையினப் பெற்றோரில் பலர் வரவேற்றார்கள். ஆசியப் பெற்றோரில் பலர், `தரத்தைக் குறைக்கிறீங்க' என்று கொதித்தார்கள். அவர்களை வெறும் மார்க் பைத்தியங்கள் என்று தள்ளிவிட முடியாது. தாத்தா படித்த கல்லூரி, அப்பாவின் நண்பர் வட்டம் எதுவும் இல்லாமல் வந்து இறங்கியவர்களுக்கு கிரேடு ஒன்றுதான் கைப்பிடி. அதே சமயம், மருத்துவமனையில் படுத்திருந்த பிள்ளைகளும் இதே ஊர் வீடுகளிலிருந்து வந்தவர்கள்தானே?

சரி, கல்லூரி சீட் கிடைச்சாச்சு, இனிமே ஜாலிதானா? வழக்கமாக மே 1-க்குள் எந்தக் கல்லூரி என்று முடிவு சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு சீனியர்களுக்கு வரும் சோம்பலுக்கு `சீனியரைட்டிஸ்' என்று செல்லப்பெயரே உண்டு. புராம் டான்ஸ், இயர்புக்கில் கையெழுத்து, தொப்பியை மேலே வீசும் பட்டமளிப்பு எல்லாம் நடக்கும். ஆனால், பள்ளி முடிந்ததும் கவுன்சலர் கடைசி கிரேடு பட்டியலைக் கல்லூரிக்கு அனுப்பிவைப்பார். அதில் ஏ எல்லாம் டி ஆகியிருந்தால், கொடுத்த சீட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் உரிமை கல்லூரிக்கு உண்டு.