திருச்சுழியலும் கண்மாய்ப் பணியும்

பாண்டிநாட்டுப் பாடல்பெற்ற பதிகள் பதினான்கனுள் ஒன்று திருச்சுழியல். அப்பெயர் எய்திய காரணத்தைத் தலபுராணம் கூறும். ஊழிவெள்ளம் நிலத்தை மூடவந்த காலை, இறைவன் தன் சூலத்தால் நிலத்தைத் துளைத்து, அவ்வெள்ளம் முழுதும் அத்துளையிற் சுழித்துட் புகுமாறு செய்தருளினான் என்பது வரலாறு. திருமேனிநாதரும் துணைமாலையம்மையும் எழுந்தருளியிருக்கும் இப்பதி விருதுநகர் மாவட்டத்திற் குண்டாற்றங்கரையில் உள்ளது. சுந்தரமூர்த்தி சுவாமிகளின் திருப்பதிகம் பெற்றது. ரமண முனிவர் 1879-ஆம் ஆண்டிற் பிறந்த ஊரும் இதுவே.

இதனை வெறுங்கதையென ஒதுக்குவாரும் உளர். அவரொடு ஈண்டு வாதம் புரிதல் எம் கருத்தன்று. வெள்ளத்தை இறைவன் கடலுக்கு ஓட்டினான் என்னாது, நிலத்தினுள் இறக்கினான் என்று அப்புராணம் கூறுவதே நாம் ஊன்றி நோக்கத்தக்கது. ஆண்டிற் பெரும்பகுதி மணலாய்க் கிடந்து, ஐப்பசி கார்த்திகையிற் சின்னாள் மட்டும் பெருக்கெடுக்கும் யாற்றின் கரையில் வாழ்வார்க்கன்றி இக்கருத்து எளிதிற் றோன்றாது. மறைத்தலும் அருட்டொழிலே என்பது சித்தாந்தத் துணிபு. மறைந்து நின்ற நீரே கோடையிற் கிணற்றில் ஊறி உயிர்களைப் புரக்கின்றது. இவ்வுவமையை மேலும் நீட்டுதல் வேண்டா.

இம்மாவட்டத்து ஆண்டு மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். அதனுட் பெரும்பங்கு வடகீழ்ப் பருவக்காற்றால் வருவது. மேற்குமலையிற் றோன்றும் வைப்பாறு சாத்தூர் வழியாகவும், அருச்சுனையாறு இருக்கன்குடியில் வைப்பாற்றொடு கூடியும் கிழக்கு நோக்கிச் செல்கின்றன. மலையடியிற் செம்மண்ணும் அதன் கிழக்கே கரிசலும் பரந்துள்ளன. கரிசல் ஈரத்தைப் பற்றிக்கொள்ளுமன்றி விரைந்து கீழே விடாது. ஆகலின், ஓடும் நீரைக் கரையிட்டு நிறுத்தினாலன்றி வேளாண்மைக்கு வழியில்லை. முன்னோர் சரிவு நோக்கி வரிசையாகக் கண்மாய்களை அமைத்தனர். மேற்கண்மாய் நிரம்பியதும் மிகுநீர் கலுங்கின் வழியே வழிந்து கீழ்க்கண்மாயின் வரத்துக்காலிற் சேரும். ஒன்றன் மிகுதி மற்றொன்றன் வாழ்வாயிற்று.

இப்பணியின் தொன்மைக்குச் சான்று அம்மண்ணிலேயே உண்டு. சாத்தூர்ப் பகுதியிலுள்ள எருக்கங்குடியில், ஒன்பதாம் நூற்றாண்டிற் பாண்டிநாடாண்ட ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்துச் சாசனமொன்று உளது. இருப்பைக்குடி கிழவன் எட்டிசாத்தன் என்பான் செய்த அறங்களை அது புகழ்கின்றது. கோயில் எடுத்தலையும் நீர்நிலை அமைத்தலையும் அது ஒருங்குவைத்தே கூறுகின்றது. நாமோ இன்று கோயிற் பணியைச் சமயமென்றும் கண்மாய்ப் பணியைப் பொதுமராமத்தென்றும் பிரித்துவிட்டோம். சாசனத்தை எழுதுவித்தோர்க்கு அப்பிரிவு தெரியாது.

கண்மாயைப் பேணும் முறையும் ஊராரிடமே இருந்தது. மடையைத் திறந்து அடைத்து வயலுக்கு நீர் விட நீர்ப்பாய்ச்சி இருந்தான். கோடையில் உள்வாய் வண்டலை வண்டியில் ஏற்றி வயலிலிட்டு உரமாக்கினர். ஆண்டுதோறும் குடிமராமத்து நடந்தது. 1858-ஆம் ஆண்டிற் சென்னை அரசினர் இதனைச் சட்டத்தால் வற்புறுத்த நேர்ந்தது. வழக்கம் தளர்ந்த இடத்திலேயே சட்டம் தேவைப்படும் என்பது எம் கருத்து. 2017-ஆம் ஆண்டிற் றமிழ்நாட்டரசு குடிமராமத்து என்னும் அப்பெயராலேயே மீண்டும் ஒரு திட்டம் தொடங்கியது.

மேனாட்டார் இப்பொழுது சூழலியல் நீரியல் என்றொரு துறையை வகுத்துள்ளனர். யுனெஸ்கோவின் பன்னாட்டு நீரியல் திட்டத்தில் 1996-ஆம் ஆண்டு முதல் அது இடம்பெற்றது. 2018-ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகளின் உலக நீர்வள அறிக்கை இயற்கைவழித் தீர்வுகளையே பொருளாகக் கொண்டு வெளிவந்தது. நீரோட்டம் செடிகொடிகளையும் சிற்றுயிர்களையும் ஆளுகின்றது. அவையும் நீரோட்டத்தை ஆளுகின்றன. இவ்விருவழித் தொடர்பை அறிந்து நீரைப் பேணுதலே அத்துறையின் சாரம். கண்மாயின் வாய்ப்புறத்துக் கோரையும் நாணலும் வரும்நீரின் வேகத்தைத் தணித்து மண்ணைப் படியச் செய்கின்றன. கரைமரங்களின் வேர் மண்ணைப் பிணிக்கின்றது. சதுரகிரியிற் சுந்தரமகாலிங்கப் பெருமானை வழிபடச் செல்லுங்கால் நாம் கடக்கும் காடும் இவ்வாறே மழையை இலையிலும் சருகிலும் ஏற்று மெல்ல விடுகின்றது. 2021-ஆம் ஆண்டில் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம் நிறுவப்பெற்றமையால் புலியோடு நீரும் காக்கப்படும் என்க.

இவ்விடத்தே தண்டியடிகள் நாயனார் வரலாறு நினைவுக்கு வருகின்றது. கண்ணொளி இழந்த அவ்வடியார், தூர்ந்து குறுகிய திருவாரூர்த் திருக்குளத்தைக் கயிறு பற்றித் தடவிச்சென்று தாமே கல்லினார். மண்ணைத் தோண்டினாற் சிற்றுயிர்கள் மடியும் என்று சமணர் தடுத்தனர். அடிகள் அதற்கு இணங்கிலர். இறைவனும் அவர் பக்கமே நின்றான். எனினும் அத்தடையுரை இன்று வேறு வடிவில் நம்முன் வருகின்றது. அடிகள் மண்வெட்டியால் வெட்டிக் கூடையாற் சுமந்தார். இக்காலத்து எந்திரங்களோ சின்னாளிற் கண்மாயின் உள்வாயை ஆழ்குழியாக்கிவிடுகின்றன. அதனால் மடையின் மட்டத்திற்குக் கீழ் நிற்கும் நீர் வயலுக்குப் பாயாது. கோரையும் மீன்முட்டையும் ஒருசேர அழியும். வரத்துக்கால் தூர்ந்தே கிடந்தால் குழி எத்துணை ஆழமாயினும் நிரம்பாது. உள்வாயைக் கவ்விய சீமைக்கருவேலை அகற்றுமாறு 2017-ஆம் ஆண்டில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. அகற்றிய இடத்தில் நாட்டுமரமும் புல்லும் வளர்க்காவிடின் அது மீண்டும் முளைக்கும்.

சிவகாசியின் நிலை இன்னும் நுணுகி நோக்கத்தக்கது. காசியினின்று பாண்டியன் கொணர்ந்த இலிங்கம் அமர்ந்தமையாற் பெயர்பெற்றது என்று கூறப்படும் அவ்வூரில் 1923-ஆம் ஆண்டிற் றீப்பெட்டித் தொழில் தோன்றியது; பட்டாசுத் தொழிலும் பின்னர்ப் பெருகியது. உழவரை வருத்திய வறட்சியே மருந்து உலர்த்தற்கு வாய்ப்பாயிற்று. வானம் பொய்த்த நாட்டிற் பல்லாயிரம் குடும்பங்கட்குச் சோறிட்ட தொழிலை எளிதிற் பழித்தல் தகாது. ஆயினும் அச்சூழலின் நிலத்தடிநீரிற் பெர்குளோரேட்டு என்னும் உப்பு மிகுந்திருத்தலை 2013-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று காட்டியது. அது நீரில் எளிதிற் கரைவது, மண்ணில் ஒட்டாதது, கழுத்துச் சுரப்பி அயோடினை ஏற்பதைத் தடுப்பது. நிலத்துள் இறங்கும் நீர் தான் கரைத்ததையும் உடன்கொண்டே இறங்கும். இதற்கும் ஓரளவு மருந்து சேற்றிலேயே உண்டு. காற்றுப் புகாத சதுப்பு மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் அவ்வுப்பைத் தீங்கற்ற குளோரைடாக மாற்றவல்லன. நாணல் வளர்ந்த சேற்றுவிளிம்பை அழுக்கென்று வழித்தெறிவார் இதனை எண்ணுக. எனினும், கழிவைக் கண்மாயிற் சேரவிடாமையே முதற்பணி, சேற்றுக்கும் அளவுண்டு.

சாசன ஆராய்ச்சியில் ஈடுபட்ட அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். எட்டிசாத்தன் கண்ட நீர்நிலைகளுள் எவை இன்று எப்பெயரால் வழங்குகின்றன, அவற்றின் வரத்துக்கால் எங்கே அறுபட்டது, கலுங்குநீர் எக்கண்மாயிற் சேர்கின்றது என்பவற்றை நேரிற் சென்று குறித்தல் வேண்டும். கோடையிற் சென்றால் மடைக்கல்லில் எழுத்து இருப்பினும் படிக்கலாம்.